தணிக்கைப் பத்தி பதினேழு

ஐயா,
"பயன் தெரியவில்லை என்று விண்ணப்பதாரரே எழுதிய ஆய்வுக்குப்
பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் ஒதுக்கியது எப்படி?"
என்ற தங்கள் கேள்விக்கு
அலுவலகப் பதில் தனியே வருகிறது, மூன்று படிகளில்.
இது, அதில் எழுத இடம் கிடைக்காதது.

அன்று கோயமுத்தூரில் மின்தடை.
அவிநாசி சாலையின் இரைச்சல்
எட்டாவது உறுப்பினராக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.
மேசைமேல் நாற்பத்தொரு விண்ணப்பம்.
கையில் இருந்தது இரண்டு கோடி,
கேட்டது பத்தொன்பது.

மேலிடத்துக் கடிதம்
இந்த ஆண்டின் முன்னுரிமை ட்ரோன் என்றது.
போன ஆண்டு சிறுதானியம்.
அதற்கு முந்தைய ஆண்டு எதுவென்று
கோப்பைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.
அதனால் ஆனைமலைப் பக்கத்துத் தென்னைக்கு மருந்து தேடுபவரும்
ஆறு இடத்தில் ட்ரோன் என்று எழுதியிருந்தார்.
பாவம், நோயின் பெயரே வேர்வாடல்.

ஈரோட்டு மஞ்சள் ஏலம் பார்த்திருப்பீர்கள்.
விரலியை ஒடித்து, முகர்ந்து,
சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள்.
நாங்களும் அப்படித்தான் மதிப்பெண் போட்டோம்.
என்ன,
எங்களிடம் ஒடிக்கக் கொடுத்தது
இன்னும் விளையாத மஞ்சள்.

முப்பத்தெட்டாவது, ஹாஜிரா பானு, காங்கேயம்.
மழை பொய்த்த கொறங்காட்டு மண்ணில்
கண்ணுக்கு எட்டாத நூற்புழு ஒன்று
வருஷக்கணக்கில் காய்ந்து சுருண்டு கிடக்கிறது.
சொட்டு ஈரம் பட்டால் நெளிகிறது.
நடுவில் அது உயிரோடு இருந்ததா, இல்லையா?
இவ்வளவுதான் அவர் கேள்வி.
'நாட்டுக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில்
'இப்போது தெரியவில்லை.'
அந்தக் கட்டத்துக்கு இருபத்தைந்து மதிப்பெண்.
பூஜ்யம் போட்டது நான்தான்.
பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது.

உழவர் உறுப்பினர் சென்னியப்பன் அதுவரை வாய் திறக்கவில்லை.
"ஏனுங்க, எங்க காட்டுல பதினேழு போர் போட்டனுங்க.
ஆயிரத்து நூறு அடி. தண்ணி வந்தது மூணுல.
பாக்கி பதினாலும் வீணுன்னு
மொதல்லயே தெரிஞ்சா போட்டிருப்பனுங்களா?
இந்தப் புள்ளை தெரியாதுங்குது, நெசத்தைச் சொல்லுது.
தேங்காயக் கையில நிறுத்தி
'இங்க நாலு இஞ்சு தண்ணி'ன்னவனுக்கெல்லாம்
நான் ரூவா குடுத்திருக்கறனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கணக்குக்காரி. கேட்டேன்:
அந்தப் பதினாலு குழிக்கும் வட்டி யார் கட்டியது?
"தெக்கால மூணு ஏக்கரா வித்துத்தானுங்க"
என்றவர் அரைமணி நேரம்
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் என்பது அந்த அரைமணிதான், ஐயா.
தோப்பை வாடல் தின்றவன் இந்த மாதத் தவணைக்கு நிற்கிறான்.
நொய்யலோரக் கிணறுகளில் சாயத்தின் உப்பு.
அவர்களிடம் போய்
'புழு ஒன்று தூங்குகிறது, பொறுங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது?
சொல்லாமலே விட்டால்,
பெயர் வைக்காத ஒரு வாடல் வந்து இறங்கும் நாளில்
எந்த அலமாரியைத் திறப்பது?
இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் பிழையோ என்று பட்டது.
பட்டதுதான். ஆதாரம் இல்லை.

தென்னைக்கும் நொய்யலுக்கும் முதலில் ஒதுக்கினோம், கேட்டதை வெட்டாமல்.
பதினோரு ட்ரோனில் ஒன்று பறக்கிறது.
நூற்றுக்கு ஆறு ரூபாய்
தெரியவில்லை என்று எழுதத் துணிந்தவர்களுக்கு.
ஏன் ஆறு என்று கேட்பீர்கள்.
"நாலு பத்தாதுங்க. பத்துன்னா எனக்கே பயமா இருக்குது."
நடவடிக்கைக் குறிப்பில் இந்த வாக்கியத்தை
'விரிவான விவாதத்துக்குப் பின்' என்று மாற்றி எழுதினேன்.

மீதி அறுபதாயிரம் கருவூலத்தில் செலுத்தப்பட்டது. சலான் இணைப்பு.

முதலாண்டு அறிக்கை வந்திருக்கிறது.
நாற்பது பக்கம், எதுவெல்லாம் காரணம் இல்லை என்று.
கூடவே ஒரு குப்பி மண்.
நேற்றுத் தண்ணீர் குடிக்கையில்
டம்ளரோடு என் கை அதன் பக்கம் போனது.
இழுத்துக்கொண்டேன்.
அரசுச் சொத்து.
திறக்க எனக்கு அதிகாரம் இல்லை.

வே. பூவாத்தாள்,
கணக்கு அலுவலர்.